பழைய கடைவீட்டை உடைக்காமல் மாற்றுவது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு பழைய கடைவீடு. சுற்றுவட்டார ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டு நடந்த காலத்தில் கீழே மளிகைக் கடை, மேலே குடும்பம். சம்பள நாளில் தோட்டத்துச் சனம் வந்து பற்று நோட்டில் பழைய கணக்கைத் தீர்த்துவிட்டு, அதே கையோடு புதுக் கணக்கு எழுதிவிட்டுப் போகும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போனார்கள். கடை பூட்டிக் கிடந்தது. கடைக்காரரின் மகன் ஒருநாள் சாவிக்கொத்தை உள்வடிவமைப்பாளரான என் மேசைமேல் வைத்து, "அக்கா, கீழே சாப்பாட்டுக் கடை, மேலே டியூசன் சென்டர். மூணு மாசத்துல முடிச்சிடலாமா?" என்றார்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. திட்டமும் தலைகீழாகப் போனது. டியூசன் கீழே இறங்கியது, சாப்பாட்டுக் கடை கைவிடப்பட்டது, மேல்மாடி திரும்பவும் வீடாயிற்று. அந்த வேலையில் நடந்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன். உங்களிடமும் தாத்தா விட்டுப்போன கட்டடம் ஒன்று இருந்தால், அதில் என்ன தொழில் வைக்கலாம் என்ற யோசனையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். அது எதைத் தாங்கும் என்பதுதான் முதல் கேள்வி.

1. சாவியைத் தொடுமுன் கிராண்டைப் பாருங்கள்

நம் பட்டணங்களில் பாதிச் சிக்கல் சுவரில் இல்லை, பத்திரத்தில் இருக்கிறது. கிராண்ட், அதாவது நிலப் பட்டா, இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். வாரிசுகள் ஏழு பேர், அதில் இருவர் வெளிநாட்டில். பெயர் மாற்றம் முடியாமல் ஒரு செங்கல்லைக்கூடத் தொடாதீர்கள். வேலை முடிந்து கடை ஓடத் தொடங்கிய பிறகுதான் பங்காளிகளுக்குப் பாசம் பொங்கும்.

கிராண்டில் பார்க்க வேண்டியவை மூன்று. நிலம் நிரந்தர உரிமையா, குத்தகையா? குத்தகை என்றால் இன்னும் எத்தனை வருடம் மிச்சம்? நிலத்தின் வகை விவசாயமா, கட்டடமா, தொழில்துறையா? மூன்றாவது, 'ஷாராட் ஞாதா' என்று எழுதியிருக்கும் வெளிப்படையான நிபந்தனை. பட்டணத்துக் கடைவரிசை பெரும்பாலும் கட்டட வகையில்தான் இருக்கும். அப்படி இல்லையென்றால் தேசிய நிலச் சட்டத்தின் 124ஆவது பிரிவின்கீழ் நில அலுவலகத்தில் மாற்றம் கேட்க வேண்டும். அதற்குப் பிரீமியம் என்ற கட்டணம் கட்ட வேண்டி வரலாம். வரவுசெலவுக் கணக்கில் அதை முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

கட்டடத்தின் வயதையும் விசாரியுங்கள். 1948 ஜனவரி 31க்கு முன் கட்டி முடித்த கட்டடங்கள் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் இருந்தன. அந்தச் சட்டத்தை 1997இல் ரத்து செய்து, 2000 பிறந்தபோது முழுதாகக் கைவிட்டார்கள். போருக்கு முந்திய கடைவீடுகள் பல அதன்பிறகுதான் காலியாயின. சிலவற்றை இடித்தார்கள், சிலவற்றைப் பறவைக்கூட்டுக்கு, அதாவது கூட்டை விற்பதற்காக உழவாரக் குருவி வளர்க்க, விட்டார்கள். பறவைக்கூடாக இருந்த கட்டடம் என்றால் உள்ளே ஈரமும் எச்சமும் மிச்சமிருக்கும். முகக்கவசம் இல்லாமல் நுழையாதீர்கள்.

2. மழை நாளில் போய் நில்லுங்கள்

பேராக்கில் இந்தப் பக்கம் ஏப்ரல் வாக்கிலும், தீபாவளியை ஒட்டி அக்டோபர், நவம்பரிலும் மழை கொட்டும். கட்டடத்தைச் சோதிக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. வெயில் நாளில் எல்லாக் கட்டடமும் அழகாகத்தான் தெரியும்.

மழை வலுத்த பிறகு டார்ச் லைட்டோடு உள்ளே போங்கள். முதலில் அண்ணாந்து பாருங்கள். ஓடு எங்கே ஒழுகுகிறது, இரண்டு கூரை சேரும் பள்ளத்துத் தகரம் எங்கே துருப்பிடித்திருக்கிறது? அப்புறம் சுவர். தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றடி உயரத்தில், கடல் வற்றிய கரைபோல ஒரு பழுப்புக் கோடு ஓடும். அதன் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பு. மண்ணின் ஈரத்தைச் செங்கல் உறிஞ்சி மேலே ஏற்றுகிறது, நீர் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. பழைய சுவர்கள் பலவற்றின் அடியில் ஈரத்தைத் தடுக்கும் படலமே இருக்காது.

நான் செய்யும் சோதனை எளிது. கையகலப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. முன்பக்கம் வியர்த்திருந்தால் அது காற்றின் ஈரம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

ஈரம் உள்ளேதான் என்றால், ரசாயன ஊசி போடும் ஆளை உடனே கூப்பிடாதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். இந்தக் கடையில் மூன்று காரணம் கிடைத்தது. முன்னால் உள்ள அஞ்சடியை, அதாவது காக்கி லீமா என்னும் கூரையுள்ள நடைபாதையை, யாரோ ஒரு காலத்தில் உயர்த்தி வழவழப்பான டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். மண்ணுக்குள் இருந்த ஈரத்துக்குத் தரை வழியாக மூச்சுவிட வழியில்லை, அதனால் சுவரைப் பிடித்து ஏறியது. பின்சந்தில் லோங்காங், அதாவது சாக்கடை, அடைத்துத் தண்ணீர் தேங்கி நின்றது. மூன்றாவதுதான் கண்ணில் படாதது. நடு முற்றத்தின் மழைநீர்க் குழாய் தரைக்கடியில் உடைந்து, எத்தனை வருடமோ, பக்கத்துக் கடையோடு பகிரும் பொதுச்சுவரின் காலடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வாளித் தண்ணீரில் சாயம் கலந்து ஊற்றினோம். லோங்காங்கில் சாயம் வந்து சேரவே இல்லை. அப்போதுதான் புரிந்தது.

குழாயை மாற்றி, லோங்காங்கை வாரி, அஞ்சடியின் சுவரோரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு டைல்ஸை எடுத்துவிட்டோம். அதற்கே சுவர் பாதி தேறிவிட்டது. மீதியைக் காலத்திடம் விட வேண்டும். சுவரின் தடிமனில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு மாதம் காயவிட வேண்டும் என்பது கட்டடக்காரர்களின் பழைய கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதக் கனவு எங்கே போயிற்று என்று இப்போது தெரிந்திருக்கும்.

3. சிமெண்டை ஒதுக்கி வையுங்கள்

இதைக் காசு கொடுத்துக் கற்றேன். பல வருடங்களுக்கு முன் வேறொரு பட்டணத்தில் ஒரு கடைவீட்டு வேலை. உதிர்ந்த சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டிவிட்டு, இடுப்பளவுக்குக் கெட்டியாகச் சிமெண்ட் பூசி, மேலே நீர்புகாச் சாயம் அடிக்கலாம் என்றார் வேலையை எடுத்துச் செய்த குத்தகையாளர். நானும் தலையாட்டினேன். திறப்பு விழாவன்று சுவர் கண்ணாடிபோல மின்னியது. அடுத்த தீபாவளிக்குள் கறை சிமெண்டுக்கு மேலே ஏறி நின்றது. கீழே வெளியேற வழியில்லாத ஈரம் வழி கிடைக்கும்வரை மேலே போய், கடைசியில் மாடி விட்டங்களின் முனையைத் தொட்டுவிட்டது. பூச்சைத் தட்டினால் வெற்று டின்னைத் தட்டிய சத்தம். எல்லாவற்றையும் உடைத்தெடுத்தபோது சிமெண்டோடு செங்கல்லின் முகமும் பெயர்ந்து வந்தது. தவறு என்னுடையதுதான். கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை.

பழைய செங்கல் மென்மையானது. அதற்குத் தன்னைவிட மென்மையான பூச்சுதான் ஏற்றது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும், உப்பைத் தானே வாங்கிக்கொண்டு உதிரும். உதிர்வது பூச்சாக இருக்கட்டும், செங்கல்லாக வேண்டாம். கிந்தாப் பள்ளத்தாக்கு முழுக்கச் சுண்ணாம்புக்கல் மலை. ஈப்போ பக்கமே சுண்ணாம்பு வாங்கிவிடலாம், பூசத் தெரிந்த கைதான் அரிது. முதலில் ஓர் ஓரச் சுவரைக் கொடுத்துப் பாருங்கள்.

ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிச் சலித்த மணல் மூன்று பங்கு. கடல் மணல் கூடவே கூடாது, இருக்கிற உப்பு போதும். சுவரை நனைத்துவிட்டு, ஒரு தடவைக்குச் சுண்டுவிரல் தடிமனுக்கு மிகாமல் பூசுங்கள். நேர்வெயில் படாமல் சாக்குத் தொங்கவிட்டு, சில நாள் லேசாக நீர் தெளியுங்கள். சுண்ணாம்பு இறுகுவது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெதுவாக வாங்கித்தான். அவசரப்படுத்தினால் வெடிக்கும். மேலே வெள்ளையடிக்கலாம், அல்லது ஈரத்தை வெளியே விடும் சிலிக்கேட் சாயம் அடிக்கலாம். சாதாரண எமல்ஷன் அடித்தால் சிமெண்ட் கதைதான் மறுபடியும்.

4. மரமும் கூரையும்

கடைவீடு ஏன் இவ்வளவு ஒடுக்கமாக, இவ்வளவு நீளமாக இருக்கிறது என்று யோசித்ததுண்டா? மாடித் தரையைத் தாங்கும் விட்டங்கள் இந்தப் பொதுச்சுவரிலிருந்து அந்தப் பொதுச்சுவர் வரை போகின்றன. மரம் எவ்வளவு நீளமோ ஏறக்குறைய அவ்வளவுதான் கடையின் அகலம். விட்டத்தின் நடுப்பகுதி உறுதியாகவே இருக்கும். சுவருக்குள் புதைந்த முனைதான் முதலில் உளுத்துப்போகும். ஒவ்வொரு முனையையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். செங்கால் என்னும் கடினமான மரமென்றால் ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளே இறங்காது. வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கினால் அந்த விட்டத்துக்கு ஒரு எண் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முழு விட்டத்தையும் மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. கெட்ட முனையை வெட்டிவிட்டு இரும்புத் தகடு வைத்து நீட்டலாம். எப்படி, எவ்வளவு என்பதைப் பொறியாளர் சொல்லட்டும்.

கறையான் தோட்டத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. ரப்பர் மரத்தையே சாய்த்த இனம் அது. சுவரில் பென்சில் தடிமனில் மண்குழாய் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மருந்தடிப்பதற்கு முன் ஈரத்தை நிறுத்துங்கள். ஈர மரம் இருக்கும்வரை அது திரும்ப வரும்.

பின்கட்டுச் சமையலறைக்கு அலையலையான சாம்பல்நிறத் தகடு போட்டிருந்தால் அது அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். துளைக்காதீர்கள், உடைக்காதீர்கள், பிரஷர் ஜெட் அடித்துக் கழுவவும் கூடாது. அதன் தூசி நுரையீரலுக்கு எமன். அதைக் கழற்றி அப்புறப்படுத்தத் தெரிந்த நிறுவனத்திடம் விடுங்கள். உடைத்துக் குப்பைத் தொட்டியில் போடும் பொருள் அல்ல.

5. இப்போது தொழிலைப் பேசலாம்

1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைவிதிகள்தான் இங்கே அளவுகோல். அளவெடுத்த வரைபடத்தை ஒரு பக்கமும் துணைவிதிகளை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்தபோது கடைக்காரர் மகனின் திட்டம் கலைந்தது.

மாடித் தரை வீட்டுக்காகப் போட்டது. குடியிருப்புக்குக் கணக்கிடும் பாரம் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், வகுப்பறைக்கு 3. இரண்டு மடங்கு. அடுத்தது படிக்கட்டு. புதுப் படிக்கட்டில் ஒரு படியின் உயரம் 180 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, கால் வைக்கும் அகலம் 255க்குக் குறையக்கூடாது. அந்த மரப்படியோ ஏணிக்குச் சித்தப்பா மகன். நாற்பது பிள்ளைகள் பையோடு ஓடி இறங்குவதை நினைத்துப் பாருங்கள். வெளியேற இன்னொரு வழியும் இல்லை. வெளிச்சத்திலும் இடித்தது. சாதாரண அறைக்குத் தரைப்பரப்பில் 10 விழுக்காடு சன்னல் போதும், வகுப்பறைக்கு 20 வேண்டும். அதில் பாதியளவு காற்றுக்குத் திறக்க வேண்டும். மேல்மாடியில் சன்னல் முன்னாலும் பின்னாலும் மட்டும்தான். நடுவில் இருட்டு.

கீழேயோ முன்பக்கம் முழுக்கப் பலகைக் கதவு, நடுவில் முற்றம். வெளிச்சத்துக்குக் குறையில்லை, தரை மண்மேல் நிற்கிறது, பிள்ளைகள் ஓடினால் நேரே தெரு. சக்கர நாற்காலிக்கு ஒரு சரிவுப்பாதையும் வைக்கலாம், ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கில். டியூசன் இறங்கியது. சாப்பாட்டுக் கடையைக் கடைக்காரர் மகன் விடவே மாட்டேன் என்றார். மரத்தரைக்கு அடியில் நாள் முழுக்க அடுப்பு எரிவதற்கு என்னென்ன தீத்தடுப்பு வேண்டும் என்று விலை கேட்டு வந்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை.

6. கையெழுத்துகள்

பழைய கட்டடத்தில் பயன்பாட்டை மாற்றுவதும் ஒரு 'மேம்பாடு'தான். 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி அதற்குத் திட்டமிடல் அனுமதி தேவைப்படும். சுவர், படி, கூரை என்று கை வைத்தால் 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்கீழ் கட்டட வரைபட ஒப்புதலும் வேண்டும். நமக்கு இரண்டும் கோலகங்சார் நகராண்மைக் கழகம். தீயணைப்புத் துறையான போம்பாவின் கருத்தும், டியூசன் என்பதால் கல்வித் துறைப் பதிவும் அப்புறம் வணிக உரிமமும் சேரும். வரைபடத்தைப் பதிவுபெற்ற கட்டடக் கலைஞரோ பொறியாளரோ கட்டட வரைவாளரோதான் சமர்ப்பிக்க வேண்டும். என்னைப்போன்ற உள்வடிவமைப்பாளரின் கையெழுத்து மட்டும் போதாது. 2007 ஏப்ரல் முதல் கட்டட நிறைவுச் சான்றிதழான சி.சி.சி.யைத் தருவதும் அவர்தான். அதற்கு முன் ஜி1 முதல் ஜி21 வரையான படிவங்களில் தொடர்புடையவர்கள் கையெழுத்திட வேண்டும். 'சும்மா சாயம்தான் அடிக்கிறோம்' என்று சொல்லிவிட்டுச் சுவரை இடிக்கும் குத்தகையாளர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

7. உள்ளே: தொட வேண்டியதை மட்டும்

ஆஸ்திரேலியாவின் பரா ஊரில் 1979இல் எழுதிய பாதுகாப்புச் சாசனத்தின் சாரம் இது: தேவையான அளவுக்குச் செய், முடிந்தவரை குறைவாக மாற்று. நான் இதை ஆசாரிக்குச் சொல்வது, "நாளைக்கு ஒருத்தன் கழட்டினா பழைய சுவர் அப்படியே இருக்கணும், தம்பி." அறைத் தடுப்புகளைப் பொதுச்சுவரில் அறையாமல் தரையில் நிற்கவைத்தோம். உச்சியில் ஓரடி விட்டதால் காற்றும் போகிறது. புத்தக அலமாரி ஈரச்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிற்கிறது. ஈப்போ பழைய நகரில் வடிவமைப்பாளர் இங் செக் சான், கோங் ஹெங் என்ற கட்டடத்தை மாற்றியிருப்பதை ஒருமுறை போய்ப் பாருங்கள், அரை மணிநேரப் பயணம். பழையது பழையதாகவே தெரிகிறது, புதியது இரும்பும் கண்ணாடியுமாகத் தனித்து நிற்கிறது. நம் ஆட்களுக்கு இது 'முடிக்காத வேலை'போலத் தோன்றும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

முற்றத்தை மூட எல்லாருக்கும் ஆசை வரும். மூடாதீர்கள். சூடான காற்று அந்த வழியாகத்தான் மேலேறிப் போகிறது. அது போகப் போகத்தான் அஞ்சடியின் குளிர்ந்த காற்று உள்ளே வரும். சாரல் தொல்லை என்றால் ஒளிபுகும் தகடு ஒன்றைக் கூரைக்கு இரண்டடி மேலே குடைபோல நிறுத்துங்கள். பக்கங்கள் திறந்திருக்கட்டும். ஏர்கான் வேண்டுமென்றால் ஒரே ஓர் அறையை மட்டும் நன்றாக அடைத்து அதில் வையுங்கள். பழைய சுவரை நாள் முழுக்கக் குளிரவைத்தால் அடுத்த பக்கம் வியர்க்கும்.

மின்சாரத்தில் சிக்கனம் கூடாது. மேல்மாடியில் துணி சுற்றிய பழைய ஒயர் கிடந்தது. தொட்டதும் உறை பொடியாக உதிர்ந்தது, எர்த் கம்பியே இல்லை. முழுதும் கழற்றிவிட்டு, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. வைத்து, பதிவுபெற்ற ஒயர்மேனைக் கொண்டு புதிதாக இழுங்கள். சுவரைக் கீறாமல் வெளியே தெரியும்படி குழாயில் ஓட்டினால் போதும், பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கிறது.

பலகைக் கதவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பன்னிரண்டு பலகை. பின்புறம் ஒவ்வொன்றிலும் கரியால் எண் எழுதியிருந்தது. ஏழாம் எண்ணில் மட்டும் பக்கத்தில் ஒரு கோடு. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. கழுவி, பழுதுபார்த்துத் திரும்ப மாட்டும்போது ஏழு இறங்கவே மறுத்தது. கடைக்காரரின் மனைவி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, "அதைத் தலைகீழாப் போடணும்யா. அவர் அப்படித்தான் போடுவாரு" என்றார். இறங்கியது. இப்படிப்பட்ட ஆள் உயிரோடு இருக்கும்போதே கட்டடத்தைச் சுற்றிக்காட்டச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். எந்த வரைபடத்திலும் இது இருக்காது.

தோட்டத்துக்குள் இருக்கும் கட்டடம் என்றால்

தொழிலாளர் வரிசைவீடான லயன் வீடு, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை, புகைக்கூடம் ஆகியவற்றைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அங்கே நிலம் பெரும்பாலும் கம்பெனியுடையது, விவசாய வகை. எழுத்தில் குத்தகை இல்லாமல் ஒரு வெள்ளியும் போடாதீர்கள். மரத்தூண்மேல் நிற்கும் லயன் வீடு கழற்றி வேறிடத்தில் கட்ட வசதியானது. புகைக்கூடம் தனிப் பிறவி. ரப்பர் சீட்டை நாள்கணக்கில் புகைபோட்ட சுவரில் கரி ஊறியிருக்கும். எத்தனை கோட் அடித்தாலும் சாயத்தைத் தாண்டி வெளியே கசியும். சன்னலும் கிடையாது. வகுப்பறையாக்கச் சன்னல் திறந்தால் அது புகைக்கூடமாக இருக்காது. ரப்பர்ப் பால் பிடித்த தோட்டத்து மங்கு, பால்வாளி, பழைய படங்கள் வைக்கும் காட்சிக்கூடமாக்கினால் அந்த இருட்டும் வாசனையுமே பாதி வேலையைச் செய்துவிடும்.

8. வேலை வரிசையும் காசும்

கூரை, வடிகால், விட்டம், சுவர் காய்வது, மின்சாரமும் குழாயும், பூச்சு, தரை, தட்டுமுட்டு. இந்த வரிசையை மாற்றினால் செய்ததையே மறுபடி செய்வீர்கள். குத்தகையாளர் சொல்லும் தொகைக்கு மேல் கால்பங்கு ஒதுக்கி வைப்பது என் வழக்கம். அந்தக் கால்பங்கு மிஞ்சியதாக எனக்கு நினைவில்லை. சாயத்தின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க ஆசைப்படும் அத்தையை முதல் ஆறு மாதம் எப்படியாவது சமாளியுங்கள்.

கடை திறந்த பிறகும் ஒரு வருடம் வேலை இருக்கிறது. மாதம் ஒருமுறை, முடிந்தால் மழைக்கு மறுநாள், ஈரக்கோட்டின் மேல்விளிம்பில் பென்சிலால் சின்னக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அங்கே இப்போது எட்டுக் கோடுகள் இருக்கின்றன, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக. நவம்பர்க் கோடு மட்டும் ஒரு விரற்கடை ஏறியிருந்தது. போய்ப் பார்த்தால் லோங்காங்கில் நாசி லெமாக் பொட்டலம் ஒன்று அடைத்துக் கிடந்தது.